கூறு போட்ட கை

நான் ஸ்டோரில் சின்ன டீமேக்கராகச் சேர்ந்த முதல் வாரம், நானுஓயா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கிய மஸ்கட் அல்வாத் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் தோட்டங்களில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ஸ்டோருக்குள் எதையும் தின்னக் கூடாது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே பத்து மணிக்குப் பின்பக்கம் போய், விறகு அடுக்குக்கு மறைவில் நின்று காகிதத்தைப் பிரித்தேன்.

"என்னாங்க ஐயா, தனியாவா?" என்று ஒரு குரல் கேட்டது.

குச்சி பொறுக்கும் பெண்கள் எல்லாரும் வெற்றிலை போட அங்கேதான் வருவார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டவர் நடுத்தர வயதைத் தாண்டிய, ஒல்லியான, நீண்ட விரல்களுள்ள ஓர் அம்மாள். மரியாதைக்காக, "எடுத்துக்கங்க அக்கா" என்று நீட்டினேன். வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் துண்டை அப்படியே வாங்கிக்கொண்டார். சேலை முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவினார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மஸ்கட்டைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்தார். அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் ஒவ்வொரு துண்டு போயிற்று. கடைசியில் எனக்கும் ஒன்று வந்தது, புளியங்கொட்டை அளவில்.

"ஐயாவுக்கும் பங்கு இருக்கு. வச்ச கண்ணு வாங்காம பாக்குறீங்களே, சாப்புடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் இனிப்பை ஸ்டேஷனிலேயே நின்று தின்றுவிட்டு வரப் பழகிக்கொண்டேன்.

தோட்டத்தில் அவருக்குப் பங்குக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா. அவருக்கு அம்மாவும் அப்பாவும் வைத்த பெயர் ஒன்று தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் இருந்தது, நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் கண்ணில் எது பட்டாலும் அதை எத்தனை பேருக்குப் பிரிக்கலாம் என்று கை தானாகத் துடிக்கும். நல்ல குணம்தான். ஆனால் நல்ல குணத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பது எப்போதும் சுகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒருமுறை அவருக்குக் கடுமையான இருமல். தோட்டத்து டிஸ்பென்சர் ஒரு போத்தல் மருந்து கொடுத்து, மூன்று வேளை குடிக்கச் சொன்னார். அக்கா போத்தலோடு வந்து, குச்சிச் சாலையில் இருமுகிற பெண்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு மூடி ஊற்றினார். தேயிலைத் தூசியும் பனியும் சேர்ந்த இடத்தில் இருமாதவர் யார்? அன்று மாலைக்குள் போத்தல் காலி. அடுத்த நாளும் எல்லாரும் இருமினார்கள். ஆனால் சமமாக இருமினார்கள். டிஸ்பென்சர் என்னிடம் வந்து, "இந்தப் பொம்பளைக்கு இனிமே மருந்தை வாயில ஊத்தித்தான் அனுப்புவேன்" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

குச்சிச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரைத்து, புளிக்கவைத்து, காயவைத்து, சலித்த பிறகும் தேயிலையில் வெளிறிய குச்சிகள் கிடக்கும். அவற்றைக் கையால் பொறுக்கி எடுத்தால்தான் கொழும்பில் நல்ல விலை. அதற்காகவே ஸ்டோரின் ஒரு பக்கத்தில் நீளமான கூடம், அதுதான் குச்சிச் சாலை. பெண்கள் தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, தேயிலைக் குவியலைச் சுற்றி உட்கார்ந்து பொறுக்குவார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை தோட்டத்தில் பெண்களுக்கு அது ஒன்றுதான்.

அதனால் அங்கே யார் இருந்தார்கள் என்று பார்த்தால், மலை ஏற முடியாதவர்கள் இருந்தார்கள். காளியம்மா என்று ஒருத்தி, வடிகானுக்குள் விழுந்து முழங்கால் பிசகியவள். இன்னொருத்திக்கு மூச்சிரைப்பு. இரண்டொருவருக்கு வயசு. மீதி இடங்களில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள். கொழுந்தெடுக்கிற பெண்ணுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும், "போதும் புள்ள, இனிமே மலைக்கு வராத, குச்சிக்குப் போ" என்று கங்காணியே சொல்லிவிடுவார். பிள்ளை பெற்று உடம்பு தேறியதும் அவள் மலைக்குத் திரும்புவாள். அவள் எழுந்த பாயில் அடுத்தவள் வந்து உட்காருவாள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து அப்படித்தான்.

அக்கா ஏன் அங்கே வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் வரும்போதே அவர் அங்கே பழைய ஆள். அவர் கால் நன்றாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு எங்கள் லயங்களில், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், ஆடு அடிப்பார்கள். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஓர் ஆடு. தராசு கிடையாது. கழுவிய படங்குச் சாக்கை விரித்து, கறியையும் எலும்பையும் ஈரலையும் கலந்து கூறு கூறாக வைப்பார்கள். ஒருவர் அந்தப் பக்கம் திரும்பி, மலையைப் பார்த்து நிற்பார். கூறு வைத்தவர் ஒரு குச்சியால் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்வார். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. கங்காணி வீடானாலும் சரி, போன மாதம் வந்த வீடானாலும் சரி, விழுந்தது விழுந்ததுதான்.

கூறு வைப்பது எங்கள் பக்கத்து லயங்களில் எப்போதும் அக்காதான். அவர் வைத்தால் எந்தக் கூறைப் பார்த்தாலும் எடுக்கத் தோன்றும். ஒருமுறை தலைக்கங்காணி பக்கத்தில் வந்து நின்று, ஒரு நெஞ்செலும்பைக் கண்ணால் காட்டித் தொண்டையைச் செருமினார். அக்கா அந்த எலும்பை எடுத்து வெட்டுக்கத்தியால் இரண்டாக்கி இரண்டு கூறில் வைத்தார்.

"கூறு போடுற கைக்குக் கண்ணு இருக்கப்படாதுங்க கங்காணியாரே. கண்ணு இருந்தா ஒறவு தெரியும்" என்றார்.

எல்லா வீட்டுப் பெயரும் சொல்லி முடிந்த பிறகு, சாக்கின் ஓரத்தில் ஒரு சின்னக் கூறு மிச்சம் இருக்கும். அது லயத்தில் எவள் வயிற்றில் பிள்ளை இருக்கிறதோ அவளுக்கு. இந்த வழக்கத்தை வைத்தவரே அக்காதான். நான் ஒரு தடவை, "அந்த வீட்டுக்குத்தான் ஏற்கெனவே பங்கு போயிருச்சே?" என்று கேட்டேன்.

"அது வெளிய இருக்கிறவங்களுக்கு. உள்ள இருக்கிறது வந்து கேக்குமாங்க? நம்மதான் எடுத்து வைக்கணும்" என்றார்.

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் இதே அக்கா ராசம்மா கல்யாணத்தன்று செய்ததையும் மறக்க முடியவில்லை. அந்த வருஷம் மழை பொய்த்து, லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக விழுந்தது. ஆளுக்கு ஒரு குடம் என்று அக்கா முறை வைத்திருந்தார். அக்காவுக்கு அடுத்த காம்பராவில், சுவரை ஒட்டிய வீட்டில், கல்யாணம். ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து ராசம்மாவைப் பெண்ணெடுத்து வருகிறார்கள். ராசம்மாவின் மாமியார் மூன்று குடத்தோடு பீலிக்கு வந்தாள். அக்கா ஒரு குடத்துக்கு மேல் விடவில்லை.

"கல்யாண வீடுக்கா! சனம் வந்து நிக்கிது, பாருங்க" என்றாள் அவள்.

"கல்யாண வீடுன்னா பக்கத்து வீட்டுப் புள்ளைக்குத் தாகம் எடுக்காதா? ஒரு கொடம். முறை வந்தா அடுத்த கொடம்."

ராசம்மா புதுப்பெண்ணாக வந்து இறங்கியபோது, காலில் ஊற்ற ஒரு செம்புத் தண்ணீர்தான் இருந்தது. மாமியார் அன்றோடு அக்காவிடம் பேசுவதை நிறுத்தினாள். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, வருஷக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு யோசித்துப் பார்த்தால் அந்த மாமியார் பக்கமும் நியாயம் இருந்தது என்றுதான் படுகிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், நானுஓயாவில் ரயிலிலிருந்து இறக்கிய மரப்பெட்டிகளை லொறி கொண்டுவந்து ஸ்டோர் வாசலில் போட்டது. குச்சி பிரிக்கிற மெசின். ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்த தட்டுகள், தட்டு நிறையத் துளைகள். தட்டுகள் ஓயாமல் ஆடும். தேயிலை துளையில் விழும், குச்சி வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போகும். கொழும்பிலிருந்து வந்த ஆள் பொருத்திக் காட்டியபோது பெண்கள் எல்லாரும் வாயில் துணியை வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"பாருங்கடி, ஆட்டக்காரி வந்துட்டா" என்றாள் காளியம்மா. அதுவே அதற்குப் பெயராக நின்றது.

மெசின் நன்றாக வேலை செய்தது. அதைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. பெண்கள் நாள் முழுக்கப் பொறுக்கியதை அது மதியத்துக்குள் முடித்தது. பார்த்துக்கொள்ள இரண்டு பேர் போதும்.

பெரிய துரை சாலை வாசலுக்கு வந்து நின்று பேசினார். வெள்ளைக்காரர், ஆனால் துரைமாருக்காகவே அச்சடித்த புத்தகத்தில் தமிழ் படித்தவர். அதில் மரியாதைப் பன்மை இருந்ததோ இல்லையோ, அவர் வாயில் அது வந்ததில்லை.

"நீ எல்லாம் பயப்படாதே. ஒரு ஆளுக்கும் வேலை போகாது. மலையில் வேலை நிறைய இருக்கு. எல்லாரும் மலைக்குப் போ" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. மலையில் உண்மையாகவே வேலை இருந்தது. இந்தப் பெண்களுக்கு மலை ஏறக் கால்தான் இல்லை. வேலைக்கு வராவிட்டால் பெயர் வெட்டுப்படும். பெயர் வெட்டுப்பட்டால் காம்பராவும் போகும். காளியம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சங்கத்துத் தோட்டத் தலைவரிடம் போனார்கள். நல்ல மனுஷன், டவுனில் அரசாங்கத் தொழில் கந்தோருக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"ஆள நிறுத்துனா சண்ட போட ஒரு வழி இருக்குக்கா. இவங்க நிறுத்தல, மாத்துறாங்க. ஒரு வேலையிலருந்து இன்னொரு வேலைக்கு மாத்துறதுக்கு எதிரா என்னாத்த எழுதுறது?" என்று கையை விரித்தார்.

"எழுத வேணாங்க தலைவரே. நீங்க கூட வாங்க, போதும்" என்றார் அக்கா.

ஸ்டோர் ஆபிசில் பேச்சு நடந்தது. பெரிய டீமேக்கரும் நானும் இருந்தோம். பெண்கள் வெளியே முற்றத்தில் நின்றார்கள். அக்கா ஜன்னல் பக்கமாக நின்று பேசினார்.

"மெசினுக்கு ரெண்டு ஆள் போதும்" என்றார் துரை.

"நாங்க பன்னெண்டு பேரு இருக்கோங்க தொரை."

"ரெண்டு ஆள்."

"சரிங்க தொரை, மெசினுக்கு ரெண்டு ஆளு. அத நாங்க மொறை வச்சு மாறி மாறி நிக்கிறோம். மத்தவங்க கூட்டலாம், சாக்குத் தைக்கலாம், பெட்டிக்கு ஈயத்தாள் விரிக்கலாம். அதெல்லாம் இப்ப ஆம்பளைங்க செய்றாங்க. அவங்களுக்கு மலை ஏறக் காலு இருக்குதுங்களே."

துரை பெரிய டீமேக்கரைப் பார்த்தார். இருவரும் இங்கிலீஷில் கொஞ்ச நேரம் பேசினார்கள். அக்கா சொன்னதில் வேலை கெடாது, ஆனால் ஆள் தொகை குறையாது. கொழும்பு ஆபிஸ் மெசின் வாங்கிக் கொடுத்ததே ஆளைக் குறைக்கத்தான். துரை பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு சொன்னார்:

"சரி. இந்தப் பன்னிரண்டு பேர் ஸ்டோரில் இருக்கலாம். முடியிற காலம் வரைக்கும் இருக்கலாம். நான் தொந்தரவு செய்யமாட்டேன். ஆனால் ஒரு ஆள் போனால் அந்த இடம் மூடிப்போகும். புது ஆள் வரக்கூடாது. சம்மதமா?"

அக்கா திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். முற்றத்தில் நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். உதடு அசைந்தது. காளியம்மா, மூச்சிரைப்புக்காரி, வயசானவர்கள், அப்போது வயிறோடு இருந்த இரண்டு பேர், எல்லாரும் அதில் வந்துவிட்டார்கள். கூறு சரியாக இருந்தது.

"சம்மதங்க தொரை" என்றார்.

சங்கத்துக் கூட்டத்தில் தலைவர் இதைப் பெரிய வெற்றியாகச் சொன்னார். வெற்றிதான். மற்றத் தோட்டங்களில் மெசின் வந்ததும் பெண்களைக் கூடையைக் கொடுத்து மலைக்கு விரட்டியதை நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். சாக்குத் தைத்துக்கொண்டிருந்த ஆம்பிளைகள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். பெண்கள் மெசினுக்குக் குங்குமம் வைக்க ஆசைப்பட்டார்கள். தேயிலைக்கு வாசனை ஏறும் என்று பெரிய டீமேக்கர் விடவில்லை. ஆகவே ஸ்டோர் படிக்கு வெளியே தேங்காய் உடைத்தார்கள். அந்தத் தேங்காயை அக்கா எத்தனை துண்டாக்கினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச மாதம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. வயிறோடு இருந்த இருவரும் பிள்ளை பெற்றார்கள். உடம்பும் தேறியது. ஆனால் வழக்கம்போல மலைக்குத் திரும்பவில்லை, சாலைக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எழுந்தால் இடம் மூடிப்போகுமே. பயம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கையில் கிடைத்த நிழலை யார் விடுவார்கள்? அதில் என்ன நடந்துவிட்டது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை, அக்காவுக்கும் உறைக்கவில்லை.

பிறகு ஒரு காலை ராசம்மா வந்தாள்.

வயிறு நன்றாகத் தெரிந்தது. மலையில் இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். "கங்காணி குச்சிக்குப் போகச் சொன்னாரு" என்று சொல்லி, எங்கே உட்காரலாம் என்று பார்த்தாள்.

பெரிய டீமேக்கர் வந்து, "புது ஆளு எடுக்க முடியாதும்மா. தொரை உத்தரவு" என்றார்.

"நான் புது ஆளு இல்லீங்களே ஐயா. அஞ்சு வருசமா இந்தத் தோட்டத்துலதான கொழுந்தெடுக்கிறேன்."

"தோட்டத்துக்குப் பழசு. ஸ்டோருக்குப் புதுசு."

மெசின் ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் தங்கள் மடியைப் பார்த்தார்கள். பிள்ளை பெற்றுத் திரும்பியிருந்த இருவரும் சாக்குத் தையலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். போன வருஷம் அவர்களும் இப்படித்தான் வந்தார்கள், அப்போது யாரோ எழுந்து இடம் விட்டிருந்தார்கள்.

அக்கா எழுந்தார். தன் பாயைத் தட்டிப் போட்டார்.

"இந்தா புள்ள, இதுல ஒக்காரு."

"அக்கா, அப்படி முடியாது" என்றார் பெரிய டீமேக்கர்.

"எம் பங்கத்தான குடுக்குறேன்? ஒங்க வீட்டுப் பங்கா?"

அக்காவை அழைத்துக்கொண்டு நானே துரையிடம் போனேன். துரை பங்களாவிலிருந்து ஆபிசுக்கு இறங்கி வந்துகொண்டிருந்தார். பாதையிலேயே நிறுத்தினோம்.

"தொரை, எம் எடத்த அவளுக்குக் குடுங்க. நான் மலைக்குப் போறேன். ஆள் கூடல்ல, கொறையல்ல. ஒண்ணுக்கு ஒண்ணு."

துரை கோபப்படவில்லை.

"அந்த இடம் உன்னுடையது. நீ இருந்தால் இருக்கும். நீ போனால் மூடிப்போகும். அவளுக்கு வராது. இன்றைக்கு அவளுக்குத் திறந்தால் நாளைக்கு இன்னொரு பிள்ளை வரும், திறக்கவேணும். பிறகு மெசின் எதற்கு வாங்கினாய் என்று கொழும்பு என்னைக் கேட்கும். நீதானே சம்மதம் சொன்னாய்?"

"ஆமாங்க தொரை. நாந்தான் சொன்னேன்."

 துரை போய்விட்டார். அக்கா பாதையோரத்துத் தேயிலைச் செடி ஒன்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் சொன்னார், என்னிடம் என்றுகூடச் சொல்ல முடியாது:

"அன்னிக்கு முத்தத்துல நின்னவங்களத்தான் எண்ணுனேன். வரப்போறவள எண்ணல்ல."

ஆறுதலாக எதையோ சொல்ல வாயெடுத்தேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். வாழ்நாள் முழுக்கப் பங்கு வைத்த மனுஷிக்கு, தன் பங்கைத் தானே இன்னொருத்திக்குக் கொடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. அந்தக் கூறை வாங்கும்போது அவர் கவனிக்காதது அதுதான். தோட்டத்து வேலையில் அதுவரை அப்படி ஒரு பங்கை யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், மலைக்குப் போகிற ஆட்களோடு அக்கா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றார். ஸ்டோரில் அவர் இடம் மூடிப்போயிற்று. முதலில் மூடிய இடம் அதுதான்.

ராசம்மாவுக்குப் பக்கத்து நிரையை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். செங்குத்தான பக்கத்தைத் தான் பறித்து, நிதானமான பக்கத்தை அவளுக்கு விட்டார். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்கும்போது இரண்டு கூடையையும் தானே சுமந்தார். தன் கூடையிலிருந்து பிடிப்பிடியாக அள்ளி அவள் கூடையில் போட்டார். கங்காணி பார்த்தும் பாராத மாதிரி இருந்தார். அக்காவின் கூடை ஒரு நாளும் நிறை காட்டியதில்லை. எத்தனையோ வருஷமாகக் குச்சியைப் பொறுக்கி எறிந்த விரல்கள், மலையிலும் ஒவ்வொரு கொழுந்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தன.

"அக்கா, இது குச்சி பொறுக்குற எடமில்ல, கொழுந்தெடுக்கிற எடம். சட்டுன்னு எடுங்க" என்று கங்காணி கேலி செய்வார்.

"என்னாங்க பண்றது கங்காணியாரே, வெரல் ஸ்டோர்லயே நின்னு போச்சு" என்று அவரும் சிரிப்பார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றால், அந்தச் சம்மதம் வீண் போகவில்லை. காளியம்மா கடைசி வரை ஸ்டோரில் இருந்தாள். நான் இறம்பொடைப் பக்கம் மாற்றலாகிப் போகிறபோதும் அவள் அங்கேதான் இருந்தாள். அந்த நீளச் சாலையில் மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். துரை தன் வாக்கைக் கடைசி வரை காப்பாற்றினார். ஆனால் வயிற்றோடு வந்த எந்தப் பெண்ணும் அந்தச் சாலையில் பிறகு உட்காரவில்லை. மெசின் ஸ்டோரோடு நிற்கவுமில்லை. மலையில் புல் வெட்ட ஆள் வேண்டாமல் மருந்தடிக்கத் தொடங்கினார்கள். அங்கேயும் அதே ஏற்பாடுதான். இருக்கிற யாரையும் நிறுத்தவில்லை, புதிதாக யாரையும் பதியவுமில்லை. வேலை செய்கிற வயது வந்த பிள்ளைகள் பெயர் பதியக் காத்திருந்து, காத்திருந்து அலுத்து, நுவரெலியாக் கடைகளுக்கும் கொழும்பு வீடுகளுக்கும் போனார்கள். யாருக்கும் வேலை போகவில்லை என்று தலைவர் கூட்டத்தில் சொன்னது உண்மைதான். வேலை கிடைக்காதவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை.

அக்கா மலைக்குப் போன வருஷத்துத் தீபாவளியைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆடு அடித்தாயிற்று. படங்கை விரித்தார்கள். கறியைக் கலந்து வைத்துவிட்டு எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். ராசம்மா மாசமாக, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் மாமியார், அக்காவைப் பார்க்காமல், மலையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா வழக்கம்போலக் கூறு போடக் கையைக் கழுவிக்கொள்ளவில்லை.

"நீங்க போடுங்க கங்காணியாரே. நான் திரும்பி நின்னு பேர் சொல்றேன்."

"நீங்க போட்டாத்தானக்கா சரியா வரும்?"

"ஸ்டோர்ல சரியா வந்துச்சே, பாத்தீங்கள்ல. போடுங்க."

கங்காணி குந்தி உட்கார்ந்து, தெரிந்த மட்டும் கூறு வைத்தார். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அக்கா அதைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டி, மலை பக்கம் திரும்பி நின்றார். பனி இறங்கி வந்து, மேல் நிரைகள் தெரியாமல் போயிருந்தன.

கங்காணி குச்சியால் முதல் கூறைத் தொட்டார். இருந்ததிலேயே பெரிய கூறு அது.

"இது யாருக்கு?"

கங்காணி இரண்டாம் தரம் கேட்டார்.

"ராசம்மா வயித்துல இருக்கிறதுக்கு" என்றார் அக்கா.

"அது கடைசியிலதானக்கா, எல்லாப் பேரும் முடிஞ்ச பொறகு?"

அக்கா திரும்பாமலே சொன்னார்:

"கடைசிக்கு விட்டா மறந்து போயிருதுங்க."

கங்காணி எங்களைப் பார்த்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவர் அந்தக் கூறை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தார். ராசம்மாவின் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தானையால் கையிலிருந்த தட்டைத் துடைத்து, "இங்க போடுங்க. அக்கா சொல்லிட்டாங்கள்ல?" என்று நீட்டினாள்.